எலுமிச்சையும் சோடாவும் வேண்டாம்: கரும்புள்ளிக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 23. மூக்கிலும் தாடையிலும் கரும்புள்ளிகள் நிறைய இருக்கின்றன. ரசாயனம் எதையும் முகத்தில் பூசக் கூடாது என்று முடிவெடுத்து, எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்து மூன்று வாரமாகத் தினமும் தேய்த்து வருகிறேன். தேய்த்தவுடன் முகம் பளிச்சென்று இருக்கிறது. சற்று நேரத்தில் எரிச்சல் தொடங்கிவிடுகிறது. இப்போது மூக்கின் இரு பக்கமும் தோல் உரிந்து, பழுப்புத் திட்டு விழுந்திருக்கிறது. புள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஆவி பிடித்துவிட்டு நகத்தால் பிதுக்கினால் போய்விடும் என்கிறார் அம்மா. என்னைப் பார்த்து 14 வயதுத் தம்பியும் அதே கலவையைத் தேய்க்கத் தொடங்கிவிட்டான். இயற்கையான பொருள்களைக் கொண்டு, தோலுக்குக் கேடில்லாமல், வீட்டிலேயே இதைச் சரிசெய்ய வழி உண்டா? இரண்டு மாதத்தில் புது வேலையில் சேர வேண்டும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வழி இருக்கிறது. இரண்டு மாதத்தில் நல்ல மாற்றம் தெரியும். ஆனால் முதல் பத்து நாள் கரும்புள்ளிகளை நீங்கள் மறந்துவிட வேண்டும். மூக்கின் இரு பக்கமும் உரிந்து எரிகிறது என்கிறீர்களே, இப்போது கவனிப்பு தேவைப்படுவது அந்தத் தோலுக்குத்தான். புள்ளிகள் காத்திருக்கட்டும், அவற்றால் உடலுக்கு ஒரு தீங்கும் இல்லை. புண்பட்ட தோலின் மேல் எவ்வளவு நல்ல மருந்தைப் பூசினாலும் அது எரிச்சலைத்தான் கூட்டும்.

எலுமிச்சையை இன்றோடு நிறுத்துங்கள். சமையல் சோடாவையும் நிறுத்துங்கள். நம் தோலின் மேற்பரப்பு இயல்பாகவே இலேசான அமிலத்தன்மை உடையது. அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. எலுமிச்சைச் சாற்றின் அளவோ 2-ஐ ஒட்டியது. இந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். 5-லிருந்து 2-க்கு இறங்கும்போது அது ஆயிரம் மடங்கு ஆகிவிடுகிறது. சமையல் சோடா இதற்கு நேரெதிர். அதன் கரைசல் 8-ஐத் தாண்டி நிற்கும். இரண்டையும் கலந்தால் ஒன்றின் வேகத்தை மற்றொன்று தணித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கரண்டியால் அள்ளிப் போட்டுக் குழைக்கும்போது எது மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது. நுரைத்து வருவது கரியமில வாயு, அவ்வளவுதான். அது அழுக்கை வெளியே தள்ளுவதில்லை. கரையாமல் எஞ்சும் சோடாத் துகள்கள் தோலைக் கீறுகின்றன. தேய்த்தவுடன் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், தோலின் மேலடுக்கு சுரண்டப்பட்டதுதான். அந்த அடுக்குதான் ஈரத்தை உள்ளே காத்து, எரிச்சலூட்டும் பொருள்களை வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

எலுமிச்சையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த இனப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் ஃபுரோகூமரின் என்னும் பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் படிந்திருக்கும்போது வெயில் பட்டால், புற ஊதாக் கதிருடன் சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். சிலருக்குக் கொப்புளமே எழும்பும். ஆறிய பிறகு அந்த இடம் பழுப்பாக மாறி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். உங்கள் திட்டு இதனால் வந்ததா, வெறும் எரிச்சலால் வந்ததா என்பதை நேரில் பார்க்காமல் என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே: தோலைச் சும்மா விடுவது, வெயிலிலிருந்து காப்பது. மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் சின்ன எரிச்சல்கூட இப்படித் தடம் விட்டுச் செல்லும். கரும்புள்ளியைப் போக்கப் போய், அதைவிட நெடுநாள் நிற்கும் கறையை வாங்கிக்கொண்டு வருபவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அது முழுக்கத் தவிர்க்கக்கூடிய ஒன்று.

இந்தப் பத்து நாளும் காலையிலும் இரவிலும் மணமில்லாத மென்மையான பேஸ் வாஷ் கொண்டு, வெதுவெதுப்பான நீரில், விரல் நுனியால் மட்டும் முகம் கழுவுங்கள். குளியல் சோப்பு வேண்டாம். பெரும்பாலான கட்டிச் சோப்புகளின் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மணமில்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள். பகலில் வெளியே போவதானால் துத்தநாக ஆக்சைடு கலந்த, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசுங்கள். எரியும் தோலில் அந்த வகை அவ்வளவாக உறுத்தாது.

வீட்டுப் பொருள் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் ஓட்ஸ் நல்லது. மாவாக நைய அரைத்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் பால்போல ஒரு நீர் கிடைக்கும். அதைத் தேய்க்காமல் முகத்தில் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள். நைய அரைத்த ஓட்ஸைத் தோலைக் காக்கும் பொருளாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2003-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. இது கரும்புள்ளியைக் கரைக்காது. அரிப்பையும் எரிச்சலையும் தணிக்கும். இப்போது உங்களுக்கு வேண்டியது அதுதான். ஓட்ஸ் ஒவ்வாதவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும்.

இனி புள்ளிகளுக்கு வருவோம். அவை அழுக்கு என்ற எண்ணம்தான் எல்லாத் தொல்லைக்கும் வேர். அழுக்கு என்று நினைப்பதால்தான் பாத்திரம் தேய்ப்பதுபோல முகத்தைத் தேய்க்கிறோம். தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்திருக்கிறது. மயிர்க்குழியின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து வெளியேறிவிட வேண்டும். சிலருக்கு அந்தச் செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணெயில் ஊறிக் கெட்டிப்பட்டு, புட்டியின் வாயில் தக்கை செருகியதுபோல அடைத்துக்கொள்கின்றன. அடைப்பின் மேல் தோல் மூடியிருந்தால் அது வெண்புள்ளி. வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. தக்கையின் தலைப்பகுதி கருத்துத் தெரிவதற்கு, அதிலுள்ள மெலனின் நிறமியும் காற்றுப் பட்டு மாறும் கொழுப்பும் காரணம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்தக் கருமை போகாததும் இதனால்தான். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதால் அப்போது தொடங்கும் இந்தத் தொல்லை, பலருக்கு முப்பது வயதைக் கடந்தும் தொடர்கிறது. உங்கள் சுத்தக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதை மனதிலிருந்து அகற்றிவிடுங்கள்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு மிக அருகில் நின்று மூக்கைப் பாருங்கள். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், சாம்பல் அல்லது வெளிர்பழுப்பு நிறத்தில், தட்டையாக நூற்றுக்கணக்கில் தெரிகின்றனவா? அப்படியானால் அவற்றில் பெரும்பாலானவை கரும்புள்ளியே அல்ல. எண்ணெய் மேலே வந்து சேரும் இயல்பான இழைகள் அவை. எல்லோர் மூக்கிலும் இருக்கும். எண்ணெய்ப் பசை மிகுந்தவர்களுக்குக் கண்ணில் படும். பிதுக்கினால் மெல்லிய வெள்ளை நூல்போல வரும், சில வாரத்தில் மறுபடி நிரம்பிவிடும். ஒட்டி உரிக்கும் பட்டைகளில் குத்திட்டு நிற்பதைப் பார்த்துப் பலரும் மகிழ்கிறார்களே, அவற்றில் நிறைய இந்த இழைகள்தான். இவற்றை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் தேவையில்லை. உண்மையான கரும்புள்ளி அளவில் சற்றுப் பெரிது, கருமை கூடியது, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், தொட்டால் இலேசாக மேடு தட்டும். உங்கள் தாடையில் இருப்பவை அந்த வகையாக இருக்கலாம். மூக்கில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் இழைகளாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

அம்மா சொன்ன யோசனைக்கு வருகிறேன். அவர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆவியால் துவாரம் திறப்பதில்லை. துவாரத்தின் வாயைத் திறந்து மூடத் தசை ஏதும் அங்கே கிடையாது. வெப்பத்தால் எண்ணெய் சற்று இளகும், அவ்வளவே. அதற்குக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் முகத்தைக் கவிழ்க்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியை ஐந்து நிமிடம் முகத்தில் போட்டு வைத்தால் அதே பலன் கிடைக்கும். ஆவிப் பாத்திரம் கவிழ்ந்து முகமும் மடியும் வெந்துபோய் வந்தவர்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன்.

நகத்தால் பிதுக்குவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். பக்கவாட்டில் அழுத்தும்போது தக்கையின் ஒரு பகுதி மேலே வரலாம். மறுபகுதி மயிர்க்குழியின் சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். வலியில்லாமல் இருந்த புள்ளி அப்போதுதான் சிவந்து, வீங்கி, சீழ்ப்பருவாகும். எனக்குப் பதினாறு வயதில் மூக்கின் ஓரத்தில் ஒரு புள்ளியை இப்படித்தான் பிதுக்கினேன். ஒரு வாரம் வீங்கி இருந்தது. அந்தக் குழித் தழும்பு இன்றும் இருக்கிறது. மூக்கையும் மேலுதட்டையும் சுற்றியுள்ள பகுதியின் இரத்தக் குழாய்களுக்கு மூளையை ஒட்டிய சிரைகளோடு தொடர்பு உண்டு; அங்கே பிதுக்கிய பரு வழியாகத் தொற்று உள்ளே பரவுவது மிக அரிது, ஆனால் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தோல் மருத்துவர் புள்ளிகளை எடுக்கிறாரே என்று கேட்பீர்கள். அவர் பல வாரம் மருந்து கொடுத்துத் தக்கையை இளக்கிவிட்டு, சுத்தம் செய்த சிறு வளையக் கருவியால் நேர் கீழாக அழுத்தி எடுக்கிறார். வீட்டு நகத்துக்கும் அதற்கும் நிறைய தூரம்.

அடுக்களைப் பொருள்களில் எது உதவும், எது உதவாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முல்தானி மெட்டி, கேவோலின் போன்ற களிமண் வகைகள் மேற்பரப்பில் உள்ள எண்ணெயை உறிஞ்சும். எண்ணெய்ப் பசை மிகுந்தவர்கள் வாரம் ஒருமுறை, மூக்கிலும் நெற்றியிலும் தாடையிலும் மட்டும் போடலாம். முகம் இறுகி வெடிக்கும்வரை காய விடாமல், ஓரங்கள் காயத் தொடங்கும்போதே நீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும். தேன் ஈரத்தைத் தக்கவைக்கும், கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். வறண்ட தோலுக்குப் பத்து நிமிடம் பூசிக் கழுவுவதில் தவறில்லை. ஆனால் தக்கையை அது அசைக்காது. ஆறிய பச்சைத் தேயிலை நீரில் நனைத்த பஞ்சை ஒற்றிக்கொள்வதும் இப்படித்தான், இதமாக இருக்கும். தேயிலைச் சாறு சேர்த்த பூச்சுகளால் எண்ணெய்ச் சுரப்பு குறைந்ததாகச் சிறு ஆய்வுகள் உண்டு. வீட்டில் கொதிக்க வைக்கும் நீருக்கு அந்த அளவு வலு இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

சர்க்கரை, உப்பு, பொடித்த கொட்டை ஓடு எதையும் முகத்தில் தேய்க்காதீர்கள். அவற்றின் கூர்முனைகள் தோலைக் கீறுமே தவிர உள்ளே இறங்கிய தக்கையைத் தொடாது. பற்பசை, இலவங்கப்பட்டைப் பொடி இரண்டும் எரிச்சலும் ஒவ்வாமையும் தரக்கூடியவை. முட்டை வெள்ளைக்கரு காய்ந்து தோலை இழுத்துப் பிடிப்பதால் இறுக்கமாகத் தோன்றும், கழுவினால் போய்விடும். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் வாய்க்கருகில் பூசுவதை நான் விரும்புவதில்லை. தேங்காய் எண்ணெயை முகத்துக்குப் பலர் பரிந்துரைக்கிறார்கள். உலர்ந்த கைகால்களுக்கு அது நல்லது. கரும்புள்ளி வரும் முகத்தில் அது அடைப்பைக் கூட்டக்கூடியது. தலைக்குத் தடவும் எண்ணெய் நெற்றியில் வழிந்து, மயிர்விளிம்பை ஒட்டி வரிசையாகப் புள்ளிகள் கிளம்புவதும் இதனால்தான். அதற்கென்றே தோல் மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. இரவில் எண்ணெய் வைத்துப் படுக்கும் வழக்கம் இருந்தால் தலையணை உறையையும் அடிக்கடி மாற்றுங்கள்.

இயற்கைப் பொருள்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது ஒன்று உண்டு, டீ ட்ரீ எண்ணெய். இது தேயிலையிலிருந்து வருவதல்ல, ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய்ப் பூச்சையும் பருவுக்குப் பூசும் வழக்கமான மருந்தான பென்சாயில் பெராக்சைடை 5 சதவீத அளவிலும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருக்களையும் புள்ளிகளையும் குறைத்தன. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, எரிச்சலும் உரிதலும் அதில் குறைவாக இருந்தன. கவனிக்க வேண்டியது அந்த 5 சதவீதம். புட்டியிலிருந்து அப்படியே எடுத்துப் பூசினால் தோல் வெந்துபோகும். பழைய, திறந்து வைத்த எண்ணெய் காற்றில் மாறி ஒவ்வாமையை உண்டாக்கும். உங்கள் தோல் இப்போதிருக்கும் நிலையில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரசாயனமே வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எலுமிச்சையில் இருப்பதும் சிட்ரிக் அமிலம் என்னும் ரசாயனம்தான். அதன் அளவை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது என்பதே சிக்கல். கரும்புள்ளிக்கு நான் நம்பும் சாலிசிலிக் அமிலத்தின் கதை ஒரு மரத்தில் தொடங்குகிறது. வில்லோ மரப்பட்டையிலிருந்து சாலிசின் என்ற பொருளை 1828-இல் ஜெர்மானிய மருந்தியலாளர் யோஹான் புக்னர் பிரித்தெடுத்தார். அதிலிருந்து 1838-இல் இத்தாலிய வேதியியலாளர் ரஃபேல் பிரியா சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். இன்று அது ஆலையில் தயாராகிறது. ஆனால் மூலக்கூறு அதேதான். இது எண்ணெயில் கரையக்கூடியது. அதனால் எண்ணெய் நிறைந்த மயிர்க்குழிக்குள் இறங்கி, ஒட்டிக்கிடக்கும் செல்களைப் பிரித்துவிடுகிறது. எலுமிச்சையால் செய்ய முடியாதது இது. 0.5 முதல் 2 சதவீதம் வரை உள்ள பூச்சுகளும் பேஸ் வாஷ்களும் மருத்துவர் சீட்டு இல்லாமலே பல இடங்களில் கிடைக்கின்றன.

பதினோராவது நாள், எரிச்சலும் உரிதலும் முழுதாக அடங்கியிருந்தால் மட்டும் தொடங்குங்கள். முதலில் காதுக்குக் கீழே சிறிய இடத்தில் இரண்டு நாள் தடவிப் பாருங்கள். பிறகு வாரத்தில் இரண்டு இரவு, முகம் கழுவி நன்றாக உலர்ந்த பின், மூக்கிலும் தாடையிலும் மட்டும் மெல்லிய பூச்சு. அதன் மேல் மாய்ஸ்சரைசர். பழுப்புத் திட்டின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தோல் ஏற்றுக்கொண்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கூட்டலாம். எரிந்தால் குறையுங்கள்; பொறுத்துக்கொண்டு தொடர்வதில் எந்தப் பயனும் இல்லை. களிமண் போடும் நாளில் இதைப் பூச வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் சாலிசிலிக் அமிலத்தைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். தோலின் மேலடுக்கு முழுதாகப் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிறது. ஆகவே ஆறு வாரத்துக்கு முன் பலனை அளந்து பார்க்காதீர்கள். நீங்கள் வேலையில் சேரும் நாளில் தாடைப் புள்ளிகள் கணிசமாகக் குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். பழுப்புத் திட்டு அதற்குள் முழுதாகப் போகாமலும் இருக்கலாம். ஆனால் வெயிலிலிருந்து காத்தால் நிச்சயம் வெளிறிக்கொண்டே வரும்.

இரண்டு மாதம் கழித்தும் மாற்றமில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். அடபலீன் போன்ற ரெட்டினாய்டு பூச்சுகள் அடைப்பு உருவாவதையே தடுக்கும்; கர்ப்பிணிகளுக்கு அவை ஆகா. கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே காணப்படும் அசலாயிக் அமிலம் புள்ளிகளோடு பழுப்புக் கறையையும் சேர்த்துக் குறைக்கும் என்பதால், உங்களுக்குப் பொருத்தமாக இருக்கக்கூடும். புள்ளிகளோடு வலிக்கும் கட்டிகள் வந்தாலோ, மாதவிடாய் ஒழுங்கு தப்பி முகத்தில் மயிர் வளர்ச்சி கூடினாலோ இரண்டு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். அப்போது ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம்.

தம்பியை இன்றே கூப்பிட்டுப் பேசுங்கள். உங்கள் மூக்கைக் காட்டியே பேசுங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது. 14 வயதில் எண்ணெய் சுரப்பது கூடுவதும் மூக்கில் புள்ளிகள் வருவதும் இயல்பு என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும்; அக்கா சொன்னால் கேட்பான். அவனுக்கு இப்போதைக்கு மென்மையான பேஸ் வாஷும் மணமில்லாத மாய்ஸ்சரைசரும் போதும். விளையாடி வியர்த்து வந்தால் மூன்றாவது முறையும் முகம் கழுவலாம். கலவையால் ஏற்கெனவே எரிச்சல் இருந்தால், உங்களைப் போலவே பத்து நாள் ஓய்வு. புள்ளிகள் அதிகமாகி அவன் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினால், சிறுவன்தானே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.